மூன்று வாட்டுக்கு வாங்கிய தியேட்டர் ஹோன்

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். கச்சான் காற்று கல்முனையின் மண் முழுவதையும் அள்ளி எங்கள் விறாந்தையில் கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவிருக்கும் அந்த நேரத்தில், புத்தியுள்ள தகப்பன் கதிரை துடைத்துக்கொண்டிருப்பான். நான் வயர் செருகிக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, மச்சான் ஒரு பழைய வால்வு அம்பிளிபயர் தந்திருந்தார். வலு மூன்றே வாட். (எங்கள் குசினி மின்குமிழ் அதைவிடப் பலசாலி.) அந்த நோஞ்சானுக்கு, குறைந்த வலுவில் கூடிய சத்தம் தரும் ஒலிபெருக்கி வேண்டும். புதியது வாங்க வயலை விற்க வேண்டும். ஆகவே பழையது, உச்சவரம்பு நாற்பதாயிரம். டெசிபெல் டெசிபெலாகக் கணக்குப் பார்த்து, மூடிப்போன தியேட்டர் ஒன்றின் திரைக்குப் பின்னால் நின்ற, கூம்பு வாய் வைத்த இரண்டு ஹோன் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன்.

“நுளம்பு கத்தினாலும் ஒலுவில் ஊர் வரைக்கும் கேக்கும், சேர்” என்றார் விற்றவர். அதை எச்சரிக்கையாக எடுக்காமல் நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டேன். எண்ணூறு பேர் இருந்து கேட்ட பெட்டி, ஆறு கதிரை போடும் ஹோலுக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, நாலு பேர் தூக்கி, உள்ளே கொண்டுவந்தாயிற்று.

“இஞ்சாருங்க, என்ன கூத்து இது?” என்றாள் மனைவி. “வாறாக்கள் ஊட்டத்தானே முதல்ல பாப்பாங்க!”

உண்மை. எங்கள் ஊர்களில் மகளுக்கு வீடு எழுதிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் வந்து குடியேறுவார். ஆகவே வருகிறவர்கள் பெண்ணை ஐந்து நிமிடமும் வீட்டை முக்கால் மணித்தியாலமும் பார்ப்பார்கள். முந்தி வந்த இரண்டு இடமும் ஹோல் சிறிதென்று போய்விட்டன. இந்த மூன்றாவது மாப்பிள்ளையை மகளுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிறிய ஹோலில்தான் நான் இரண்டு மலைகளை நிறுத்தியிருந்தேன்.

மனைவி அவசரமாக அவற்றைப் படுக்கை விரிப்பால் மூடினாள். மாப்பிள்ளையும் தாயும் தாய்மாமாவும் வந்து இருந்தார்கள். மாமா தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாகக் கேட்டார்: “இது என்ன சாமான்?”

“அலுமாரி. மகளுக்கு எடுத்த” என்றாள் மனைவி.

“ரெண்டா! மாஷா அல்லாஹ்!”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹோனை அலுமாரி என்பதை என் படிப்பு பொறுக்கவில்லை. விரிப்பை இழுத்தேன். “அலுமாரி இல்ல, தியேட்டர் ஹோன். மூணே வாட்தான், கேட்டுப் பாருங்க.” வானொலியைப் போட்டேன். சத்தமில்லை. திருகினேன். இல்லை. கடைசிவரை திருகினேன். (வால்வு சூடாக அரை நிமிடம் வேண்டும். அன்றைய தினம் தவிர மற்றெல்லா நாளும் இது எனக்குத் தெரியும்.)

“பொத்துவில் கடற்பரப்பு கொந்தளிப்பாகக் காணப்படும்! மீனவர்கள் மிகுந்த அவதானத்துடன் இருக்கவும்!”

மாமாவின் தேத்தண்ணி அவர் உடுத்திருந்த சாரத்தில் கொந்தளித்தது. மாப்பிள்ளையின் தாய் சத்தமாகக் கலிமா சொன்னார். நான் நிறுத்தியபோது, அறைக்குள் மகள் அழுவது கேட்டது.

“எழும்புங்க, போவம்” என்றார் மாமா. “இந்த ஊட்டுல மனிசன் இரிக்கேலுமா?”

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை எழும்பினார். வாசலுக்குப் போகவில்லை, பெட்டிக்குப் போய், ஹோனுக்குள் தலையை விட்டார்.

“மாமா, மூணு வாட்லயா இவ்வளவும்?” என்று என்னைக் கேட்டார்.

“மூணேதான்” என்றேன்.

தலையை எடுத்து என் மனைவியைப் பார்த்தார். “மாமி, இது ஊட்டோடயா?”

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. “ஓம் மகன். ஊட்டோடதான்.”

கலியாணம் நடந்தது. நாங்கள் பின்வளவுச் சிறு வீட்டுக்கு மாறினோம். (அம்பிளிபயரும் போயிற்று. “அது இல்லாம இது என்னத்துக்கு மாமா?”) மருமகன் கிரிக்கெட் வர்ணனை கேட்கிறார், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் கேட்கிறேன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். எங்கள் குடும்பத்தில் எங்கே சம்பந்தம் பேசினாலும், “ஊடு சரி, அலுமாரி எத்தின?” என்று யாராவது கேட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வீட்டை நான் செலவில் சேர்க்கவில்லை. அது எப்படியும் போகவேண்டியது. பெட்டி இரண்டு, லேண்ட் மாஸ்டர் கூலி, தூக்கிய நால்வர், மாமாவுக்குப் புதுச் சாரம்: ஐம்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.