சைரன் ஊதவில்லை என்கிறார்கள், சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் பணிவான வணக்கங்கள்.

நானும் என் மகனும் உங்கள் மகளும் இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நலமாக இருக்கிறோம். கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரும் நாளிலும் அப்படியே இருப்போமா என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. அங்கே உங்கள் உடல்நலம், சம்பந்தியம்மாளின் முழங்கால், டயர் கடை வியாபாரம் மூன்றும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பீர்கள். உங்கள் மகள் காதில் விழும்படி பேசக்கூடிய விஷயம் இல்லை இது. தவிர, சண்டை என்று வந்தால் முதலில் போவது போன்தானாம். கடிதம் எழுதிப் பழகிக்கொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் கிடையாது. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன். கயிற்றையும் பிரேக்கையும் என் கையால் தொட்டுப் பார்த்து, "பயணத்துக்கு உகந்தது" என்று கையெழுத்துப் போட்டவன். இன்றைக்கு இந்த உலகத்துக்கு அப்படி ஒரு சான்றிதழ் தரச் சொன்னால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன், அது வேறு விஷயம். பயந்துபோயிருப்பது உங்கள் மகள். ஏழாம் மாதம் நடக்கிறது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இது ஆரம்பித்தது இரண்டு வாரத்துக்கு முன்பு தபால் பெட்டியில் கிடந்த ஒரு தாளில். முன்பக்கம், போர் வந்தால் என்ன செய்வது: சைரன் கேட்டதும் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கவும். பின்பக்கம், வெள்ளம் வந்தால் என்ன செய்வது: சைரன் கேட்டதும் கட்டடத்தின் உச்சிக்கு ஏறவும். சைரன் ஒன்றுதான் சம்பந்தி. ஏற்ற இறக்கமாக ஊதினால் ஒன்று, ஒரே நீளமாக ஊதினால் மற்றொன்று. எது எதற்கு என்பது அச்சான இடத்தில் மை கலைந்திருந்தது. சுவரில் ஒட்டலாம் என்றால் ஒரு பக்கம் மறைந்துபோகிறது. வட்டார அலுவலகத்தில் போய் இன்னொரு தாள் கேட்டேன், வீட்டுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஹால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்தபடி போரைப் படித்துக்கொள்ளலாம். வெள்ளத்தைப் படிக்க வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். முதல் மாடிதானே, எட்டிப் பார்த்தேன். கீழே காவலாளி, "சார், வேண்டாம் சார், எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று கத்திக்கொண்டே ஓடிவந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். தலைவர் எட்டாவது மாடிக்காரர். எங்கள் கட்டடத்தில் மேலே போகப் போக வீடு பெரிது, குரலும் பெரிது. அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடம் யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் ஆபத்து நேரத்தில் அங்கே ஒதுங்கும் உரிமை என்று தீர்மானம் கொண்டுவந்தார். எங்களுக்குக் கார் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு மிஷின்தான் இருக்கிறது. நான் எழுந்து, "அப்ப கார் இல்லாதவங்க எங்க சார் போறது?" என்று கேட்டேன். அவர் ரொம்ப அன்பாக, "உங்களுக்கென்ன சார் கவலை? முதல் மாடி. குண்டு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஏழு மாடியத் தாண்டி வரணுமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. "அப்ப தண்ணி வந்தா?" என்று கேட்டார். "தண்ணி வந்தா மொட்டை மாடி. சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று தலைவர் இரண்டு சாவிகள் தொங்கும் ஒரு வளையத்தைத் தூக்கிக் காட்டினார். குண்டுக்கு ஒரு சாவி, வெள்ளத்துக்கு ஒரு சாவி, இரண்டும் எட்டாவது மாடியில். அன்றிலிருந்து உங்கள் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதாவது, அவள் சாப்பிடுகிறாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் என்னால் சாப்பிட முடியவில்லை.

சும்மா இருக்கலாமா? ஒரு பை தயார் செய்தேன். தண்ணீர், பிஸ்கட், டார்ச், பத்திரங்கள், குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் வேண்டிய துணிகள், கயிறு. கட்டி முடித்த பிறகு பார்த்தால் என்னால் தூக்க முடியவில்லை. சரி, வாசல் அருகிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலை உங்கள் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதில் இடித்துக்கொண்டான். இதுவரை இந்தப் போரில் எங்கள் வீட்டில் காயம்பட்டது அவனுடைய கால் கட்டைவிரல் மட்டும்தான். பிறகு ஒத்திகை. உங்கள் மகளை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசல் வரை வரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி! அவள் வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பேசும் வேலை பார்க்கிறாள், உங்களுக்குத் தெரியும். பேச்சை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "மன்னிக்கணும் சார், வெள்ளம்னா நாங்க பாத்துக்குவோம். போர்ல வீடு போனா அது எங்க திட்டத்துல வராது சார்" என்று அவள் யாருக்கோ பொறுமையாகச் சொல்வதைக் கதவோரம் நின்று கேட்டேன். நாள் முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெண்ணின் மனசு என்ன ஆகும், சொல்லுங்கள். நான் போய்ப் பையில் இன்னொரு டார்ச் வைத்தேன்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். மாலை நான்கு மணி. சைரன் ஊதியது. ஏற்ற இறக்கமா, ஒரே நீளமா என்று கவனிக்க வேண்டும் என்று எத்தனை நாள் மனப்பாடம் செய்திருப்பேன்! அந்த நேரத்தில் என் காதுக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கதவைத் திறந்தால் படிக்கட்டில் மேலேயிருந்து பாதிப் பேர் போர் என்று இறங்கி வருகிறார்கள், கீழேயிருந்து பாதிப் பேர் வெள்ளம் என்று ஏறி வருகிறார்கள். இரண்டு கூட்டமும் எங்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. "இறங்காதீங்க, தண்ணி!" "ஏறாதீங்க, குண்டு!" இந்த அமளியில் கரண்ட் போனது. உடனே லிஃப்டுக்குள்ளிருந்து கூச்சல். யார் என்று நினைக்கிறீர்கள்? நம் தலைவர், அவர் மனைவி, அந்த இரண்டு சாவிகள். ஆபத்து நேரத்தில் லிஃப்டில் ஏறாதே என்று இதே கட்டடத்தில் போர்டு எழுதி வைத்தவன் நான். லிஃப்டைக் கையால் நகர்த்தலாம் என்றால் அதற்கான அறை மொட்டை மாடியில் இருக்கிறது. மொட்டை மாடிச் சாவியோ லிஃப்டுக்குள்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று ஒப்படைக்க வேண்டிய ஒரு பொருளை நான் ஒப்படைக்கவில்லை. வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து திறந்தேன். லிஃப்ட் எங்கள் தளத்துக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்தது. அடியில் இருட்டுப் பள்ளம். விதிப்படி அப்படி யாரையும் இறக்கக் கூடாது. ஆனால் உள்ளே அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையைக் கொண்டுவந்து பள்ளத்தை மறைத்துப் போடச் சொன்னேன். தையல்காரம்மா ஒரு பக்கம், உங்கள் மகள் வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "ஒருத்தரும் அசையக் கூடாது. நான் சொல்ற கால மட்டும் கீழ வைங்க" என்றேன். முதலில் அந்த அம்மா இறங்கினார். அடுத்து தலைவர். மேஜையில் கால் பட்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதீங்க சார், விட்டுடாதீங்க" என்றார். ஐயோ பாவம், குழந்தை மாதிரி. சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் என் கை நடுங்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் மகன் ஞாபகம் வந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் இல்லையா? நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. போர் என்றால் முதலில் குறி வைப்பது துறைமுகம். வெள்ளம் என்றால் முதலில் வருவதும் அங்கேதான். போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். சைரன் நிற்கவே இல்லை. வாசலில் நின்றவர்களையெல்லாம் உங்கள் மகள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். எங்கள் ஹாலில் பதினெட்டுப் பேர், தரையெல்லாம் ஆட்கள். தலைவர் செருப்பு அடுக்கும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார். "தண்ணியும் இல்ல. மேலயும் ஒண்ணும் இல்ல" என்றார். அதைக் கேட்டு யாருக்கும் நிம்மதி வரவில்லை. இருக்கிறதென்றால் எந்தப் பக்கம் ஓடலாம் என்றாவது தெரியும். நான் மகனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன், நாற்பது நிமிடம். உங்கள் மகளின் விரல்கள் நடுங்கின. நான் அவள் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னேன்.

சைரன் நின்று கால் மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். போன் கீழே பெட்டியில் இருந்ததாம், கூண்டிலிருந்து ஏணியில் இறங்கி வர அவ்வளவு நேரமாம். "மேலருந்து எல்லாம் தெரிஞ்சுதுப்பா. ஆளுங்க பாதிப் பேர் கடல் பக்கம் ஓடுறாங்க, பாதிப் பேர் கடல விட்டு ஓடுறாங்க. எனக்கு எந்தப் பக்கம் இறங்குறதுன்னே புரியல" என்றான். நான் போனை உங்கள் மகளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். கொஞ்சம் அதிக நேரம் கழுவினேன்.

மறுநாள் பேப்பரைப் பார்த்தீர்களா? அங்கே வந்திருக்காது. சைரன் ஊதவே இல்லை என்கிறார்கள் அதிகாரிகள். எதிர்க்கட்சி, ஊதியது உண்மை, ஆனால் தேர்தலுக்காக ஊதினார்கள் என்கிறது. ஆளுங்கட்சி, ஊதியிருந்தால் அது முந்தைய ஆட்சியில் வாங்கிய சைரனாகத்தான் இருக்கும் என்கிறது. ஊதாத சைரனுக்காக ஒரு கட்டடமே படிக்கட்டில் முட்டிக்கொண்டது. எனக்கு இதுதான் தாங்கவில்லை, சம்பந்தி. ஊதினால் பயப்படலாம், ஊதாவிட்டால் தூங்கலாம். ஊதியதையே இல்லை என்றால், நாளைக்கு நிஜமாக ஒன்று வரும்போது யாரைக் கேட்பது?

ஆகையால் என் பணிவான வேண்டுகோள்: உங்கள் மகளைப் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டேன். எல்லையும் தூரம், கடலும் தூரம். ஆனால் உங்கள் பக்கம் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் லாரி வருகிறது, காட்டுத்தீயின் புகை ஊர் வரை வருகிறது என்றும் படித்தேன். உண்மையா? இங்கே தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம், அங்கே வராதோ என்று பயம். குழந்தை நடுவில் எங்கேதான் பிறப்பது? எதற்கும் ஒரு வரி எழுதுங்கள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பதால்தான் கேட்கிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். உங்கள் வீட்டில் விளக்கு எரியவும், குழாயில் தண்ணீர் வரவும், வானம் சும்மா இருக்கவும் மனமார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு:

அப்பா, இது நான். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி மாமா என்னிடமே கொடுத்தார். உறையை ஒட்ட மறந்துவிட்டார், படித்துவிட்டேன். அன்றைக்கு நடுங்கியது என் விரல் இல்லை. அவர் கையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தினமும் என்னிடம் பத்துத் தடவை "பயமா இருக்காம்மா?" என்று கேட்கிறார். நான் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறார். அழைத்துப் போவதானால் அவரைத்தான் பத்து நாள் அழைத்துப் போக வேண்டும் என்று எழுத நினைத்தேன். ஆனால் வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்து இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நானும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அதனால் நான் வரவில்லை. நீங்களும் அம்மாவும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள். எனக்கும் ரொம்பப் பயமாக இருக்கிறது அப்பா. மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.