படல் இல்லாத பட்டி

கணக்கு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை என்பதை ஒரு ஆட்டுப்பட்டிக்குள் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது சித்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலந்தாவளத்துக்குப் பக்கத்து ஊரில் சுகந்தியைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகியும் அவள் அப்பா பதில் சொல்லவில்லை. சுகந்திக்குச் சம்மதம், என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவருக்கு மட்டும், சாக்பீஸ் பிடிக்கிறவன் தோட்ட வேலைக்கு ஆவானா என்று சந்தேகம்.

ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, சந்தையில நாப்பது ஆடு பேசியிருக்கறனுங்க. பட்டி அடைக்கோணும். ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா ஒத்தாசையா இருக்கும்."

ஒத்தாசை என்றால் பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். (பட்டி அடைக்கப் புது வேட்டி! அப்போதே என்னை விரட்டியிருக்க வேண்டும்.)

தோட்டத்தில் நூறடிக் கம்பிவலை ஒரு சுருளும் சவுக்குக் கம்புகளும் கிடந்தன. "அகலத்த விட நீளம் பத்தடி கூட இருக்கோணும். ஒரு ஆட்டுக்குப் பதினஞ்சு சதுர அடி. நாப்பதும் கொள்ளுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த கணக்கு எழுந்து வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது! வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு மூங்கில் தட்டிமேல் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே உரக்க விளக்கினேன்.

"அகலம் எக்ஸ். நீளம் எக்ஸ் கூட்டல் பத்து. ரெண்டையும் கூட்டி, ரெண்டால பெருக்குனா சுற்றளவு நூறு. அப்ப நாலு எக்ஸ் கூட்டல் இருபது, நூறுங்க. நாலு எக்ஸ் எண்பது. எக்ஸ் இருபது. இருபதுக்கு முப்பது, அறுநூறு சதுர அடி. நாப்பது ஆட்டுக்குச் சரியா இருக்குமுங்க மாமா!" (பதிலே வராதபோது மாமா என்று கூப்பிட்டது என் துணிச்சல்.)

அவர் என்னையும் நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் ஒரு பார்வை பார்த்தார். போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

யாரும் உதவிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கம்புகளை நட்டு, உள்பக்கமாக நின்று வலையை இழுத்து இழுத்துக் கட்டினேன். கையெல்லாம் கீறல். உச்சிவெயிலில் வலையின் கடைசி முனை முதல் முனையோடு வந்து சேர்ந்தது. ஒரு விரல்கடை பிசகவில்லை.

"முடிஞ்சுதுங்க மாமா!"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தலையாட்டினார். "ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. வெளிய வாங்க, காப்பி குடிக்கலாம்."

சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் என் சுற்றளவு. வாசல் இல்லை. புத்தகத்தில் வருகிற எந்தச் செவ்வகத்துக்கும் யாரும் வாசல் வைத்ததில்லையே!

ஏறிக் குதித்துவிடலாம் என்று காலைத் தூக்கிப் போட்டேன். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. புது வேட்டி கம்பியில். அந்த நேரம் பார்த்து ஆட்டு வண்டி வந்து நின்றது. நாற்பது ஆடுகளும் என்னைப் பார்த்தன. (எண்ணினேன். தொழில் புத்தி.) இந்தச் சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன்.

காப்பியோடு வந்த சுகந்தி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை விடுவிக்கிற சாக்கில் மெல்லச் சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க மேல உக்காந்து கணக்குப் போட்டீங்களே, அந்தத் தட்டிதானுங்க பட்டிக்கு வாசப்படல். நாலடி. அதையும் சேத்தா நூத்தி நாலாச்சுங்களே. இன்னொருக்காப் போடுங்க. அப்பா பாத்துட்டிருக்கறாங்க."

வேலிமேல் தொங்கியபடியே போட்டேன். நாலு எக்ஸ் எண்பத்து நாலு. எக்ஸ் இருபத்தொன்று. நீளம் முப்பத்தொன்று. "மாமா! படல் வெச்சா அறுநூத்தி அம்பத்தொண்ணுங்க! இன்னும் மூணு ஆடு கொள்ளுமுங்க!"

அவர் கட்டிலை விட்டு எழுந்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே இருந்த தன் மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "ஏ புள்ளே, மாப்ளைக்கு எலையப் போடு!"

காலையிலிருந்து தம்பியாக இருந்தவன் வேலியிலிருந்து இறங்கும்போது மாப்பிள்ளையாக இறங்கினேன். சாப்பிட்டு எழுந்து, பாதி வலையைப் பிரித்து மறுபடி கட்டினோம். இந்த முறை எல்லோரும் சேர்ந்து.

அன்று சுகந்தி சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். விடையையும் அவளே சொல்லியிருக்கலாம். கணக்கை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு நான் இன்றுவரை அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

பதினைந்து வருடம் ஆகிவிட்டது. எட்டாவது படிக்கிற எங்கள் மகள் எந்தச் செவ்வகம் வரைந்தாலும் ஒரு பக்கத்தில் சின்னதாக வாசல் விடுகிறாள். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புகிறார். நான் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

மாமனார் வீட்டுக்குள் எப்போது காலெடுத்து வைத்தாலும் கட்டிலிலிருந்து அதே கேள்வி வரும். "மாப்ள, வெளிய வர்றதுக்கு வழி பாத்துட்டீங்களா?"

"வேண்டாமுங்க மாமா. உள்ளயே நல்லாத்தான் இருக்குது."