கிரிவலப் பாதையில் ஒரு கடற்பயணம்

திருவண்ணாமலையில் கடல் இல்லை என்பது எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அதைத் தெரிவிக்கும் ஆணை எதுவும் கோப்பில் இல்லாததால், அதிகாரபூர்வமாக நாங்கள் அதை ஒப்புக்கொண்டதில்லை.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் பெயர் 'பல்துறை ஒருங்கிணைப்பு மற்றும் இதர இனங்கள்'. மற்ற அலுவலகங்கள் வேண்டாமென்று தள்ளிவிடும் காகிதமெல்லாம் எங்களிடம் வந்து சேரும். வந்த காகிதம் திரும்பிப் போனதில்லை. நான் அருணாதேவி, அங்கே பதினாறு வருடமாக முத்திரை குத்துகிறவள்.

போன ஆவணியில் எங்கள் இளநிலை உதவியாளர் மணிவேல் ஒரு விண்ணப்பம் கொடுத்தான். தை மாதம் இருபது நாள் விடுப்பு வேண்டும். புதுச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரமாக, பாய் கட்டிய சின்னப் படகில், தனியாகப் போக வேண்டும். அதற்குத் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

உண்மையை எழுதினான் பாருங்கள், அதுதான் அவன் செய்த தவறு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தால் அன்று மாலையே கையெழுத்தாகியிருக்கும். எங்கள் அலுவலகத்து மாமியார்கள் வருடத்தில் பாதி நாள் படுத்த படுக்கைதான்.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் புதுச்சேரி பக்கத்துக் குப்பம் ஒன்றுக்குப் போய், அறிவுச்செல்வன் என்ற மீனவரிடம் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தான். தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் அவன் படகை ஓட்டினான், மீதி நேரம் படகு அவனை ஓட்டியது.

எங்கள் கண்காணிப்பாளர் சக்கரபாணி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"தனியாப் போறேன்னு போட்டிருக்கியே, கூட யாரு வர்றா?"

"யாரும் இல்ல சார். தனியாத்தான்."

"அது சரிப்பா. தனியாப் போறவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்ல? பேரை எழுது."

"துணைக்கு ஆள் வந்தா அது தனியா இல்லியே சார்."

"அப்ப ரெண்டு பேர் பேரா எழுது."

சக்கரபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை?"

"எட்டு வருஷமா என் பேரை யாராவது கூப்ட்டுக்கினே இருக்காங்க சார். ஆபீஸ்ல நீங்க கூப்பிடுவீங்க. வீட்டுக்குப் போனா ஃபோன்ல நீங்க கூப்பிடுவீங்க. ஒரு இருபது நாளு யாரும் கூப்பிடாத எடத்துல இருந்து பாக்கணும் சார், அவ்ளோதான்."

எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆபத்தான செயலில் ஈடுபடும் பணியாளர் முன் அனுபவச் சான்று இணைக்க வேண்டும் என்று ஒரு விதி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த திங்களன்று மணிவேல் அறிவுச்செல்வனிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தான். 'மணிவேல் தம்பிக்குக் காத்து தெரியும். பயமும் தெரியும். போகலாம்' என்று எழுதியிருந்தது. பதினாறு வருடத்தில் என் மேசைக்கு வந்த காகிதங்களில் ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது அது ஒன்றுதான்.

"இவருக்குக் கடல் தெரியும்னு யாரு சான்று குடுத்தா?" என்றார் சக்கரபாணி.

"மூணு தலைமுறையாக் கடல்ல இருக்காங்க சார்."

"சான்று இருக்கா, இல்லியா?"

இல்லை. மேலும், சான்று இந்த மாவட்டத்துக்குள் பெற்ற அனுபவத்துக்கானதாக இருக்க வேண்டும் என்று விதியின் அடுத்த வரி சொன்னது. கோப்பு மூன்று வாரம் அசையாமல் கிடந்தது. சக்கரபாணியும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கேட்டார்.

"மணிவேல், நீ போறப்ப கரை எந்தக் கைப் பக்கம் இருக்கும்?"

"தெக்கால போறதுனால வலது கைப் பக்கம் சார்."

"கிரிவலம் போறப்ப மலை எந்தக் கைப் பக்கம்?"

"வலது கைப் பக்கம்."

"அப்புறம் என்னய்யா? ரெண்டும் ஒண்ணுதானே."

மணிவேலின் கணக்குப்படி பயணதூரம் முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர். கிரிவலப் பாதை பதினான்கு. வகுத்துப் பார்த்தால் சரியாக இருபத்தைந்து. மீதி வராத கணக்கை எங்கள் அலுவலகம் அதற்குமுன் கண்டதில்லை என்பதால் அதைத் தெய்வச் செயலாகவே எடுத்துக்கொண்டோம். 'மேற்படி பணியாளர் உயிர்காப்பு ஜாக்கெட் அணிந்து, மலையைக் கரையாகப் பாவித்து, இருபத்தைந்து சுற்றுகள் வலம் வந்து கடற்பயண அனுபவத்தை எய்துமாறு அறிவுறுத்தப்படுகிறார்' என்று குறிப்பாணை போனது. முத்திரை நான்தான் குத்தினேன்.

"ராமேஸ்வரத்துலேர்ந்து படகுலயே திரும்பி வந்துடலாமா சார்?" என்று மணிவேல் கேட்டான்.

"திரும்பறப்ப கரை இடது கைப் பக்கம் வருமே. நம்ம ஊர்ல எவனாவது மலையை இடமாச் சுத்துவானா? படகை லாரியில ஏத்திக்கினு வந்துடு."

மணிவேல் நடக்க ஆரம்பித்தான். வாரத்துக்கு இரண்டு சுற்று, அலுவலகம் விட்ட பிறகு, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு. புரட்டாசிப் புழுக்கம். அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் சந்திரம்மாள் அவனை நான்கு முறை பார்த்துவிட்டு, ஐந்தாம் முறை கேட்டேவிட்டாள். "இன்னா வேண்டுதல் தம்பி இது?" அவனுக்கு மூச்சு வாங்கியதில் பதில் வரவில்லை. வெளியில் சொல்லக் கூடாத வேண்டுதல் என்று அவள் முடிவு செய்தாள். இந்தப் புழுக்கத்தில் ஒரு மனிதன் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தால், அது சாதாரண வேண்டுதலாகவா இருக்கும்?

அடுத்த பௌர்ணமிக்கு ஆறு பேர் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த பௌர்ணமிக்குப் பாதை நெடுக ஜாக்கெட் வாடகைக்குக் கிடைத்தது. கார்த்திகை தீபத்தன்று மலையைச் சுற்றி ஆரஞ்சாக ஓடியது. வேலைக்கு ஆரஞ்சு, கல்யாணத்துக்கு மஞ்சள், வெளிநாட்டு விசாவுக்கு நீலம் என்று தரம் பிரித்திருந்தார்கள். அந்த ஜாக்கெட் நுரையீரலில் இருக்கும் கெட்ட காற்றை நசுக்கி வெளியேற்றுகிறது என்று ஒருவர் யூடியூபில் விளக்கினார். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தது வெறும் வைக்கோல். அதைப் போட்டுக்கொண்டு குளத்தில் விழுந்தால் போடாதவனைவிடச் சீக்கிரம் முழுகலாம். படித்த ஜனம், வேலையில் இருக்கிற ஜனம், ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. நானும்தான் மஞ்சளில் ஒன்று வாங்கினேன், என் பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது.

மார்கழிக் கடைசியில் மணிவேல் இருபத்தைந்தாவது சுற்றை முடித்தான். இரண்டு காலிலும் கொப்புளம். தை பிறந்ததும் அறிவுச்செல்வன் ஃபோன் செய்தார். கடல் அடங்கிவிட்டது, வாடைக்காற்று நன்றாக இருக்கிறது, மாசியில் காற்று மாறிவிடும், சீக்கிரம் வா என்றார். மணிவேல் நொண்டிக்கொண்டே சக்கரபாணியின் மேசைக்குப் போனான்.

"இருபத்தஞ்சும் முடிஞ்சிது சார். விடுப்பு ஆர்டர் குடுத்தீங்கன்னா..."

"எதுக்கு?"

"கடலுக்குப் போறதுக்கு சார்."

"போயிட்டுத்தான் வந்துட்டியேப்பா."

சக்கரபாணி கோப்பைத் திருப்பிக் காட்டினார். பயணதூரம் 350 கிலோமீட்டர், முடிவுற்றது. விபத்து இல்லை. நனைந்தவர் இல்லை. அறிக்கை மேலிடத்துக்குப் போய், பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது. கடல் இல்லாத மாவட்டத்திலிருந்து தனியாகக் கடற்பயணம் முடித்த முதல் பணியாளர் மணிவேல்.

"ஒரே பயணத்துக்கு ரெண்டு தடவை அனுமதி குடுத்தா தணிக்கையில கேப்பாங்க. உன் இருபது நாள் விடுப்பைக் கழிச்சாச்சு."

"நான் தெனம் ஆபீஸ் வந்தேனே சார்?"

"அது உன் ஆர்வம்."

அனுமதி இல்லாமல் கடலுக்குப் போனால் அது ஒழுங்கீனம், வேலை போகும் என்பதையும் சக்கரபாணி அன்பாகச் சொன்னார். மணிவேலின் மனைவி கீர்த்தனா மறுநாள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். என் எதிரில்தான் சொன்னாள். "சொல்லாம கெளம்பிடுங்க. வேலை போனா போவட்டும், நான் இருக்கேன். ஒரு வருஷமா உங்க மூஞ்சியில இருந்த சிரிப்பு நேத்துலேர்ந்து இல்ல." அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். எட்டு நாள் யோசித்தான். ஒன்பதாம் நாள் பதவி உயர்வு வந்தது.

கடற்பயண அனுபவச் சான்றுப் பிரிவு என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒன்றைத் திறந்து, அவனை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். சுழல் நாற்காலி கொடுத்தார்கள், அதன்மேல் வெள்ளைத் துண்டும் விரித்தார்கள். உட்கார்ந்த முதல் நாள் மட்டும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அப்போது எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாதனை மாநிலத்துக்கே முன்மாதிரி என்று அறிவித்து, இனி கடலில் பாய் விரிக்கும் எவரும் இந்தச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கொடுக்கும் அலுவலகம் நாங்கள் மட்டும்தான்.

மாசி முதல் வாரம் அறிவுச்செல்வன் பஸ் பிடித்து வந்தார். உப்பில் வெளுத்த சட்டை. இரண்டு நாள் டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, மூன்றாம் நாள் மணிவேலின் மேசைக்கு வந்து சேர்ந்தார். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நீதானா? நல்லவேளை. படகை எடுக்க வுட மாட்டேன்றாங்க. பதினோரு நாளாத் தொழிலுக்குப் போவல, வீட்ல அடுப்பெரியல. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா."

அலுவலகத்திலிருந்து ஃபோனில் அவரை 'அண்ணே, அண்ணே' என்று அழைத்தவன் மணிவேல். சுக்கான் பிடிக்க அவன் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் ஒப்புதல் முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்துக்கொண்டேன். மணிவேல் விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"எத்தனை சுத்து முடிச்சிருக்கீங்க?"

"சுத்தா? என்னா சுத்து?"

"இருபத்தஞ்சு முடிச்சிட்டு வாங்க. அடுத்த ஆள்."

நான் முத்திரையை மாற்றி எடுத்து, 'தகுதியின்மையால் திருப்பப்படுகிறது' என்று குத்தினேன். மற்றதைக் குத்தியிருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழக்கம்தான்.

அறிவுச்செல்வன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற ஜாக்கெட்காரர்கள், வழிவிடுங்கள் என்று அவரை ஒதுக்கினார்கள். என் மேசைப் பக்கம் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, சுத்தறப்ப மலை எந்தக் கைப் பக்கம் இருக்கணும்?"

வலது கைப் பக்கம் என்றேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பொதுஜனம் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது அதுதான் முதல் தடவை.