செவ்வாய்க்குப் போகிற வழியில் ஒரு முதலை போர்டு

மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிற ஊரிலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்குக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான். வெட்கக்கேடுதான். வீட்டில் வேறு யாராவது சொல்வதற்குள் நானே முந்திக்கொள்கிறேன்.

எங்கள் தீவு ஊரான வண்டூரில் எனக்குப் படகுகளுக்குப் பேர் எழுதுகிற வேலை. மிச்ச நேரத்தில் விஞ்ஞானி. (யாரும் பட்டம் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.) மூங்கில், தார்ப்பாய், சைக்கிள் பெடல், மிதித்தால் சுற்றுகிற ஃபேன் இறக்கை, தலைக்கு மேல் ஒரு சோலார் தகடு: இதுதான் என் விண்கலம். வாலில் செவ்வாயைச் சிவப்பாக வரைந்திருந்தேன். முதல் சோதனை எதிர்த் தீவு வரைக்கும். செவ்வாய் அப்புறம்.

என் மனைவி மெர்சியின் அண்ணன் சேவியர் மச்சான், தன் மோட்டார் டிங்கிப் படகில் கயிறு கட்டி இழுத்தார். சத்தியமாகப் பறந்தேன், அரைத் தென்னை உயரத்துக்கு. அந்தத் திமிரில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். உடனே காற்று என்னைக் கரைப்பக்கம் தள்ளியது. மிதித்த மிதியில் ஃபேன் இறக்கை கழன்று எனக்கு முன்னால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது.

கீழே வலப்பக்கம் கடற்கரை. அங்கே ‘முதலை, ஜாக்கிரதை’ என்று போர்டு. இடப்பக்கம் உப்பங்கழி, போர்டே இல்லை. புத்திசாலி அல்லவா, இடப்பக்கம் சாய்ந்து இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். பிழைத்தோம் என்று மூச்சு விட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் போர்டை எழுதியவன் நான். போன வாரம் வனத்துறையினர் அதைக் கழியோரத்தில் நடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். சேற்றில் சுமக்கச் சோம்பல்பட்டு, ரோட்டுக்குப் பக்கம் என்று கடற்கரையிலேயே நட்டுவிட்டு வந்தவனும் நான்தான்.

பத்தடி தள்ளி ஒரு கட்டை மிதந்தது. கட்டைக்குக் கண் இருந்தது. மூங்கில் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, பேர் தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டேன்.

“சுப்சாப் உட்காரு மாப்ள, சத்தம் போடாத, அசையாத,” என்றார் டிங்கியில் நெருங்கிய மச்சான். அவர் என் காலரைப் பிடித்துத் தூக்கவும் முதலை வாலைக் கவ்வவும் சரியாக இருந்தது. (விண்கலத்தின் வாலை.) செவ்வாய் முழுசாகத் தண்ணீருக்குள் போயிற்று. டிங்கியில் விழுந்து கைகாலை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போர்டு இல்லை என்று நம்பி அங்கே இறங்கிய முதல் முட்டாள் நானாக இருந்ததுதான் பெரிய ஆறுதல். வேறு யாராவது இறங்கியிருந்தால் எனக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வந்திருக்காது.

கரையேறியதும் மச்சானிடம் போர்டு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கடற்கரையிலிருந்த போர்டைப் பிடுங்கி என் தலையில் வைத்தார்.

“இத அங்க நட்டுட்டு வீட்டுக்கு வா.”

முழங்கால் சேற்றில் சுமந்துபோய் நட்டேன்.

இன்றைக்கும் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப் போகிறேன் என்று நான் வாயெடுத்தால், மெர்சி மீன் கழுவுவதை நிறுத்தாமலே கேட்பாள்:

“போர்டு நட்டாச்சா?”