ஐம்பத்து மூன்று ரன்

தொடர்ந்து நான்காவது மேட்சிலும் முட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவனைக் கோச் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“விடுப்பா. அடுத்த மேட்சும் நீ ஆடுற.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது ரன் அடித்த விக்கெட் கீப்பரையே “காலை நகர்த்தத் தெரியாதா?” என்று வறுத்தெடுக்கிற மனிதர், முட்டைக்குப் போய் முதுகில் தட்டுகிறார்!

வீட்டாரைப் பொறுத்தவரை, அவன் கடல் தாண்டி வந்தது கணிதம் படிக்க. அவனைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக அணியில் ஆடி, அப்படியே ஏதாவது பெரிய கிளப்பில் நுழைந்துவிட. இது தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டான்.

“நாலு முட்டையா? அப்புறமும் உன்னை வெச்சிருக்காங்களா?”

“அதான்க்கா புரியல. திட்டினாக்கூட நிம்மதியா இருக்கும். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேக்கறார்.”

“உங்கிட்ட ஏதோ பாத்திருக்கார்டா. அதைக் காப்பாத்திக்கோ. நாளையிலேர்ந்து காலையிலயும் போய் பிராக்டிஸ் பண்ணு.”

காலையில் வகுப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு மைதானத்துப் பயிற்சி வலைக்குள் போய் நின்றான். கோச் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“இங்க என்ன பண்ற? உனக்கு இப்ப கிளாஸ் இல்ல?”

சோதித்துப் பார்க்கிறார் என்று அவன் நினைத்தான்.

“கிளாஸ் கிடக்குது சார். எனக்கு டீம்தான் முக்கியம்.”

கோச்சுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று இவனுக்கும் கண் கலங்கியது.

அடுத்த மேட்சில் ஆறு ரன். கேப்டன் தனியே கூப்பிட்டு, “பரீட்சை வருதே, ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோயேன்” என்றான்.

‘ஆஹா, என் இடத்துக்கு யாரோ அடி போடுறான்!’

லீவாவது ஒன்றாவது! பரீட்சை நாளன்றும் பந்து அடித்தான். அரைமணி தாமதமாக, காலில் கட்டிய பேடைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடினான். இரண்டு பாடத்தில் ஃபெயில் என்று வந்தது. அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

ஏனென்றால் அந்த வாரம் அவன் ஐம்பத்து மூன்று ரன் அடித்திருந்தான்! அணியே எழுந்து நின்று கைதட்டியது. கோச்சும் தட்டினார், இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். அவன் இடத்தில், மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிற ஒரு நெட்டையன்.

கோச்சின் அறைக்கு ஓடினான்.

“சார், அம்பத்தி மூணு அடிச்சேன்!”

“அருமையான ஆட்டம்ப்பா. என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

“அப்புறம் ஏன் சார்?”

“என்னைக் கேக்காதப்பா, மனசு தாங்கல” என்று கோச் மூக்கை உறிஞ்சினார்.

முட்டை வாங்கினால் வைத்துக்கொள்கிறார்கள், அரைசதம் அடித்தால் தூக்குகிறார்கள். என்ன கணக்கு இது? தலை சுற்ற, பேடைத் திருப்பிக் கொடுக்க விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனான். அங்கே பொறுப்பிலிருந்த ஆன்ட்டியிடம் புலம்பித் தீர்த்தான்.

ஆன்ட்டி பேடை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“எல்லாப் பாடத்துலயும் பாஸான ஒருத்தனாவது இல்லாட்டி டீமையே கலைச்சிடுவோம்னு பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க, உன்னை எதுக்குத் தம்பி சேர்த்தாங்கன்னு நெனச்ச?”