நாலு ஓரமும் பின் அடித்த பத்திரிகை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு என் ரத்த அழுத்தத்தைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கு தாங்களும் மாப்பிள்ளையும் என் பெண்ணும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். முக்கியமாக என் பெண். ஏன் முக்கியமாக என்று கேட்காதீர்கள், கடிதம் போகிற போக்கில் தானே வெளியே வந்துவிடும், என் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக மாடியில் எங்கள் மும்மொழிக் கவிதைப் பத்திரிகையை வெளியிடத் தாங்கள் சம்மதித்ததற்கு நன்றி. முதலில் ஒரு பேராசிரியரைத்தான் கேட்டோம். அவர் கவிதை அறிந்தவர், ஆகவே ஏதாவது ஒரு மொழிக்குப் பரிந்து பேசிவிடுவார் என்று ஆசிரியர் குழுவில் சந்தேகம் கிளம்பியது. தாங்கள் எந்த மொழியிலும் கவிதையே படித்ததில்லை என்று தெரிந்ததும் மூன்று பேருக்கும் பரம திருப்தி. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேர் என்றால், தமிழுக்கு நான். வலமிருந்து இடமாக எழுதுகிற மொழிக்குப் பல் டாக்டர். இன்னொரு மொழிக்குத் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர். நாலு பத்திரிகை என் பெண்ணின் கவிதைகளைத் திருப்பி அனுப்பியதில் அவள் எழுதுவதையே விட்டுவிட்டாள் அல்லவா, அந்த ரோஷத்தில் நானே ஒன்று நடத்துகிறேன் என்று நூலகத்தில் சத்தம் போட்டுச் சொன்னபோது திரும்பிப் பார்த்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். முப்பது வருஷம் தட்டச்சராக இருந்து அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்தவனுக்கு இது தேவையா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். வேலியில் போன ஓணானை நானேதான் எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

இனி விஷயம். தமிழுக்கு இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும், டாக்டரின் மொழிக்கு வலது ஓரத்தில். ரிப்பேர்காரரின் மொழியும் தமிழ் மாதிரியே திறப்பதுதான், ஆனால் இன்னொரு மொழிக்குப் பின்னால் வந்து வரிசையில் நிற்க முடியாது என்று சொல்லி, மேல் ஓரத்தில் அடித்து மேலே தூக்கிப் புரட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டார். டாக்டர் பக்கம் சாய்ந்தால் இவர் முறைக்கிறார், இவர் பக்கம் சாய்ந்தால் டாக்டர் முறைக்கிறார், என் கடைவாய்ப் பல் இரண்டும் டாக்டரிடம் பாதி வேலையில் நிற்கின்றன, நான் என்ன செய்வேன்? யார் மனமும் நோகக் கூடாது என்று, ‘இடது, வலது, மேல், மூன்று ஓரமும் சமமாகப் பின் அடிக்கவும்’ என்று பைண்டிங்காரருக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மூன்று தனித்தனிப் புத்தகமாக அடித்து ஒரே உறையில் போட வேண்டும் என்பதை எழுத மறந்துபோனேன். நேற்றுப் போய்ப் பார்த்தால் முந்நூறு பிரதியும் ஒவ்வொன்றும் மொத்தமாக மூன்று ஓரமும் அடைபட்டுத் தலையணை உறை மாதிரிக் கிடக்கின்றன, கீழே மட்டும் வாய் பிளந்திருக்கிறது. பைண்டிங்காரர் என் சீட்டையே எடுத்து நீட்டி, “நீங்க எழுதினதுக்கு ஒரு பின்னு கூடவும் இல்ல, குறையவும் இல்ல” என்றார்.

இதுவரை என் முட்டாள்தனம். இதற்கு மேல் வருவது என் கோழைத்தனம். பிரித்து அடிக்கட்டுமா என்று அந்த மனுஷர் நல்ல மனதோடு கேட்டார். நான், “வேண்டாம், கீழேயும் அடிச்சிடுங்க” என்றேன்.

ஏன் தெரியுமா? பத்தாம் பக்கத்தில் என் பெண் இந்தப் பத்திரிகைக்காக மறுபடி எழுதிய கவிதை இருக்கிறது. தலைப்பு ‘பரீட்சை ஹால்’. ஒரு வீடு. காலை எட்டரை வரை அங்கே கரண்டிகள் பேசக் கூடாது, கண்காணிப்பாளர் பேப்பர் படிக்கிறார். குழாய் சொட்டினாலும் நிமிர்ந்து பார்ப்பார். பெண் எழுதியதுதானே என்று படிக்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, நேற்றுத்தான் அந்தக் கீழ் வாய் வழியாக எட்டிப் பார்த்து நாலு வரி படித்தேன், மேலே படிக்கத் தைரியம் வரவில்லை. தாங்கள் முப்பது வருஷம் தேர்வு அலுவலராக இருந்தவர்கள் என்பது ஊரறிந்தது. மேடையில் தாங்கள் சும்மா புரட்டினாலும் அந்தப் பக்கம்தான் கண்ணில் படும். விழா முடிந்து நாங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். அவள் அந்த வீட்டுக்கல்லவா திரும்பி வர வேண்டும்? இதை நான் சொல்லியிருக்கவே கூடாது, பேனாவால் எழுதித் தொலைத்துவிட்டேன். இந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தாலும் தாங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதே தப்பு, அதை மறைத்திருக்கிறேன் என்று சாப்பிடுகிறவருக்கே கடிதம் எழுதுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்கிறாள் என் வீட்டுக்காரி.

ஆகவே சம்பந்தி, ஞாயிறன்று பத்திரிகையை உயரப் பிடித்துப் படம் எடுக்க நில்லுங்கள், பிறகு மேஜையில் வைத்துவிடுங்கள். திறக்க முயல வேண்டாம். வெளியீட்டு விழாவில் யாரும் திறப்பதில்லை. அதைவிட, அன்று காலை தங்களுக்கு லேசாக வயிற்று வலி வந்தால் இன்னும் நல்லது. அவள் மேல் கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள். வளர்த்தது நான்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, என் பெண்ணுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
ரத்த அழுத்தத்துடன்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் என் பெண் வந்து நின்றாள். பத்திரிகையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், நான் உளறிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு, “அப்பா, நான் அதை முதல்ல வாசிச்சுக் காட்டினதே மாமாகிட்டதான்” என்றாள். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டீர்களாம். கேட்டு முடித்ததும், “கடைசியில அந்த ஆளு என்ன ஆனார்னு எழுதலையேம்மா” என்றீர்களாம். பிறகு நீங்களே சொல்லி எழுத வைத்தீர்களாம். கீழ் ஓரத்தைப் பிரித்துக் கடைசி இரண்டு வரியை இப்போதுதான் படித்தேன்:

எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.
காலி பெஞ்சுகளுக்கு நடுவே கண்காணிப்பாளர் இன்னும் நடக்கிறார்.

சம்பந்தி அம்மாள் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளாவது வந்து உங்களோடு உட்கார்ந்திருக்கிறேனா? பயத்தில் வாசலோடு திரும்பிவிடுவேன். மேலே எழுதியது எல்லாம் ரத்து. டாக்டர் பல் பிடுங்குகிற இடுக்கியோடும் ரிப்பேர்காரர் திருப்புளியோடும் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பின் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறன்று பத்தாம் பக்கத்தை நீங்களே வாசிக்க வேண்டும். நேற்றுவரை நீங்கள் வந்துவிடுவீர்களே என்று பயந்தேன். இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வராமல் இருந்துவிடுவீர்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது.