சமம்தான், ஆனா...

வாலுள்ள பிராணி, இறகுள்ள பிராணி, செதிலுள்ள பிராணி என்று எல்லாவற்றையும் வகை பிரித்து எழுதிவைத்த அறிஞர்கள், ஏனோ ‘சமம்தான்-ஆனா’ என்ற பிராணியை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒருவேளை எழுதியவர்களே அந்த வகையாக இருந்திருக்கலாம். எப்படியோ, அந்தக் குறையை இன்று நாம் தீர்த்துவைக்கிறோம்.

இந்தப் பிராணியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இரண்டில் ஒன்றும் நான்கில் இரண்டும் ஒன்றே என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரியாத பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை என்று அலுத்துக்கொள்ளும். ஆனால் பஸ் கிளம்ப அரை மணி நேரம் ஆகும் என்றால் பொறுத்துக்கொள்கிற அதே ஆசாமி, முப்பது நிமிஷம் ஆகும் என்றால் நடத்துநரோடு சண்டைக்குப் போவார். டாக்டர் பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி சாப்பிடச் சொன்னால் முகம் சுருங்கும். ஐந்து மில்லிகிராமில் முழு மாத்திரை எழுதிக் கொடுத்தால், ‘இவரல்லவோ டாக்டர்!’ தலை ஒரு கணக்குப் போடுகிறது, நெஞ்சு வேறொரு கணக்குப் போடுகிறது. சண்டை வந்தால் ஜெயிப்பது எது? கேட்க வேண்டுமா!

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் எகிப்தில் இருக்கும் தமன்ஹூருக்கு வாருங்கள். மூன்றாம் மாடியில், வலது பக்கக் கதவு. பெயர் ஷௌக்கி. நில அளவை அலுவலகத்தில் வேலை.

இந்த ஊரில் நிலமானாலும் வீடானாலும் முழுசு என்றால் இருபத்துநான்கு கிராத்துதான். கால் பங்கு வைத்திருப்பவன் ‘எனக்கு ஆறு கிராத்து’ என்பான். மூன்றில் ஒன்று உள்ளவன் எட்டு கிராத்துக்காரன். எந்தக் குறையும் இல்லாத மனிதனை ‘இருபத்துநாலு கிராத்து’ என்று புகழ்வதும் இங்கே வழக்கம். மற்றவர்களுக்கு இது ஒரு பேச்சு. ஷௌக்கிக்கு இது மூச்சு. காலையில் எழுந்ததும் மனைவி இன்ஸாஃப், “தூங்கினீங்களா?” என்றால், “பதினெட்டு கிராத்து தூங்கினேன். மிச்சம் ஆறு உன் குறட்டையில போச்சு” என்பார்.

அன்று வியாழக்கிழமை. வீட்டில் இரண்டு விஷயங்கள் காத்திருந்தன. மகள் நஸ்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னத்தில் பரீட்சை. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஷௌக்கியின் தங்கை வஃபிய்யாவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் இஸ்கந்தரிய்யாவிலிருந்து மாலை வருகிறார்கள். மாப்பிள்ளை மம்தூஹ், வஃபிய்யா வேலை செய்கிற அதே மருந்தகத்தில் இருப்பவன். இருவருக்கும் பிடித்திருந்தது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் ஷௌக்கியின் மேல்தான். தகப்பன் போனபிறகு பேசிமுடிக்கிற பொறுப்பு அவருடையது. அவர் பொறுப்பாகப் பேசியதில் ஏற்கெனவே ஒரு நல்ல வரன் மாடிப்படி இறங்கிப் போயிருந்தது. அலமாரி விஷயம். அவர்கள் மூன்று ஜோடிக் கதவு வைத்த அலமாரி என்றார்கள். இவர் ஆறு கதவு வேண்டும் என்றார். அவர்கள் அதுவும் இதுவும் ஒன்றுதானே என்றார்கள். “சமம்தான், ஆனா ஆறு ஆறுதானே?” என்றார் இவர். போய்விட்டார்கள்.

“அண்ணே, இந்தத் தடவை கணக்கு மட்டும் பேசாதே” என்று வஃபிய்யா காலையிலேயே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள். “அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. எனக்காக.”

“நான் எப்பம்மா கணக்குப் பேசினேன்?” என்றார் ஷௌக்கி, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

மதியத் தொழுகை முடிந்து வந்தவர், மகளுக்குப் பாடம் சொல்லித் தர உட்கார்ந்தார். இந்த இனம் பாடம் சொல்லித் தருவதில் ஒரு முறை உண்டு. முதலில் தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். பிறகு டீ வர வேண்டும். பிறகு, “இது ரொம்பச் சுலபம்” என்று சொல்ல வேண்டும். பிறகு வெட்டுவதற்கு ஏதாவது வேண்டும். வீட்டில் வெட்டத் தோதாக இருந்தது ஒன்றே ஒன்று. இன்ஸாஃப் விருந்தாளிகளுக்காகச் செய்து, பாகு ஊற்றி, மேலே வாதுமைப் பருப்புப் பதித்து, ஆறட்டும் என்று மூடிவைத்திருந்த ஒரு தட்டு பஸ்பூஸா.

“பாரு நஸ்மா, இது முழுசு.” குறுக்கே ஒரு கீறல். “இப்ப இதுல ஒண்ணு என்ன?”

“பாதி, பாபா.”

நெடுக்கே ஒன்று. “இப்ப ரெண்டு துண்டு எடுத்தா?”

“நாலுல ரெண்டு. அதுவும் பாதிதான்.”

சரசரவென்று கத்தி ஓடியது. ரவைக் கேக்கு வயல் வரப்பு மாதிரி இருபத்துநான்கு கட்டங்களாகப் பிரிந்தது. நில அளவைக்காரர் கை அல்லவா, ஒரு கட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. “இப்ப பாதின்னா எத்தனை?”

நஸ்மா துண்டுகளை எண்ணவில்லை. “பன்னெண்டு. கீழ பன்னெண்டால பெருக்கினா மேலயும் பன்னெண்டால பெருக்கணும். துண்டு சின்னதாகுது, எண்ணிக்கை கூடுது, பஸ்பூஸா அதேதான்.”

ஷௌக்கியின் கண் கலங்கியது. தன் ரத்தம்! “சபாஷ். இப்ப உனக்குப் பாதி வேணுமா, இருபத்துநாலுல பன்னெண்டு வேணுமா?”

“எதுன்னாலும் ஒண்ணுதானே பாபா?”

“சமம்தான், ஆனா...” என்று ஆரம்பித்தவர், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “பன்னெண்டுன்னு சொல்லும்போது ஒரு கௌரவம் இருக்கு பார்.”

அப்போதுதான் இன்ஸாஃப் உள்ளே வந்தாள். அவள் தட்டைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். கணவரின் வாயோரத்துப் பாகைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“பின்னம்.”

“மாப்பிள்ளையோட அம்மா முன்னாடி இந்தச் சுண்டுவிரல் அளவு துண்டை வச்சா, பசியோட அனுப்பப் பார்க்கிறோம்னு நினைக்க மாட்டாங்களா?”

“ஆளுக்கு மூணு வை. எட்டுல ஒண்ணும் இருபத்துநாலுல மூணும்...”

“சமம்! தெரியும்! எனக்கும் பள்ளிக்கூடம் உண்டு!” என்றவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். மம்தூஹ், அவன் அம்மா, அப்பா ஹாஜ் தௌஃபீக். இந்த ஹாஜ், குளியலறை ஓடு வியாபாரம் செய்பவர். கடைக்காரர்களுக்குள் நூற்றுக்கு இவ்வளவு, நூற்றுக்கு அவ்வளவு என்று பேசிப்பேசி அவருக்கு உலகமே நூறு துண்டாகத் தெரியும்.

“சுகமா ஹாஜ்?”

“அல்ஹம்துலில்லாஹ், நூத்துக்கு நூறு! நீங்க?”

“இருபத்துநாலு கிராத்து, ஹாஜ்!”

இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே வரும் இரண்டு பூனைகள் இப்படித்தான் பார்க்கும்.

காப்பி வந்தது. பஸ்பூஸா வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “வாதுமை எங்கே?” என்று முணுமுணுத்தாள். கத்தி வாதுமைகளைப் பாகுபாடில்லாமல் நறுக்கியிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் வஃபிய்யா, பேச்சு முடிந்ததும் கொடுக்கவேண்டிய ரோஜா ஷர்பத்தைக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிவைத்துக்கொண்டு நின்றாள். பேச்சு முடியாவிட்டால் அந்த ஷர்பத்தை யாரும் குடிக்க முடியாது. அலமாரிக்காரர்கள் வந்த அன்று அவளே குழாயடியில் கொட்டினாள்.

புது வீட்டுக்குச் சாமான் போடுகிற பேச்சு வந்தது. ஹாஜ் தௌஃபீக் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நியாயமா ஒண்ணு சொல்றேன். மொத்தச் சாமான்ல நூத்துக்கு அம்பது நாங்க. மிச்சம் நீங்க. என்ன சொல்றீங்க?”

கதவுக்குப் பின்னால் வஃபிய்யாவின் உதடு அசைந்தது: சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு.

ஷௌக்கியின் தலை உடனே சரி என்றது. ஐம்பது என்றால் பாதி, பாதி என்றால் பன்னிரண்டு கிராத்து, மிச்சமும் பன்னிரண்டு. அவர் மனதில் நினைத்து வைத்திருந்ததும் அதுதான். தலை தன் வேலையை முடித்து ஓய்ந்துவிட்டது. அப்புறம்தான் நெஞ்சு எழுந்து உட்கார்ந்தது. அது கேட்டது இரண்டே எண்களை: ஐம்பது. பன்னிரண்டு.

“நீங்க அம்பது,” என்றார் மெதுவாக. “நாங்க பன்னெண்டா?”

“என்ன பன்னெண்டு?”

“பன்னெண்டு கிராத்து, ஹாஜ். எங்க பங்கு.”

“அதான் நூத்துக்கு அம்பது.”

“சமம்தான், ஆனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? மாப்பிள்ளை வீடு அம்பது போட்டாங்க, பொண்ணு வீடு பன்னெண்டோட வந்து நின்னாங்கன்னு பேச மாட்டாங்களா?”

ஹாஜ் சிரித்தார். “அப்ப நீங்களும் அம்பதுன்னு சொல்லிடுங்க. என்ன போச்சு?”

“எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க கிராத்துலதான் பேசறோம். வேணும்னா நீங்க பன்னெண்டுன்னு சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. அங்கேதான் வாசகரே, ஷௌக்கிக்கே ஓர் உண்மை புரிந்தது. எதிரே இருப்பதும் தன் இனம்தான். ஹாஜின் காது சிவந்தது.

“நானா? அம்பதுலேர்ந்து பன்னெண்டுக்கு இறங்கணுமா? இஸ்கந்தரிய்யாவிலேர்ந்து காரைப் போட்டுக்கிட்டு வந்து?”

“ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பத்தானே சொன்னீங்க!”

“ஒண்ணுதான்! ஆனா நான் ஏன் இறங்கணும்?”

“அப்பா,” என்றான் மம்தூஹ். “சும்மா இரு” என்றார் அப்பா.

இன்ஸாஃப் ஓடிவந்து சமாதானம் பேசினாள். “அல்லாஹ்வுக்காக, ரெண்டு பேரும் பாதி பாதின்னு சொல்லி முடிங்களேன்!”

“பாதியா!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று மாலை அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“பாதின்னா ரெண்டுல ஒண்ணு,” என்றார் ஷௌக்கி வேதனையோடு. “பன்னெண்டே பத்தலைன்னு நிக்கிறேன், இவ என்னை ஒண்ணுக்குக் கொண்டுவரா.”

நஸ்மா மேசையடியில் இருந்து தலையை நீட்டி, “பாபா, மேலயும் கீழயும் பெருக்கினா...” என்று தொடங்கினாள். இரண்டு பெரியவர்களும் அவளை அன்போடு பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் சொல்வது சரி என்று இருவருக்கும் தெரியும். அதனால் என்ன?

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பை மடிக்கு வந்தால் அடுத்தது என்ன என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். ஹாஜ் முழங்காலில் கையூன்றினார். “சரி, யோசிச்சுச் சொல்லி அனுப்புங்க” என்று எழுந்திருக்கப் போனார். ‘யோசித்துச் சொல்லி அனுப்புவது’ என்றால் எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது.

சாதாரணக் குலவை அல்ல. நாக்கு சுழன்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, மாடிப்படி வழியே கீழே இறங்கி, மொட்டைமாடி வரை ஏறிய குலவை. பெண் வீட்டில் குலவை கேட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று பொருள். அதைப் போடுவது அம்மா, அத்தை, அண்டை வீட்டுக்காரி. இந்த வீட்டில் போட்டது மணப்பெண். தனக்குத் தானே.

ஷௌக்கி சமையலறைப் பக்கம் திரும்பினார். “வஃபிய்யா!”

வஃபிய்யா ஷர்பத் தட்டோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. “அண்ணே, எதிர் வீட்டு உம்மு ஹானி கேட்டுட்டாங்க. கீழ் வீட்டுலயும் கேட்டுட்டாங்க. இனிமே இல்லைன்னு சொல்லணும்னா மாடி மாடியாப் போய் நீயே சொல்லு.”

சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து பதில் குலவை வந்தது. அடுத்தது நான்காம் மாடி. பிறகு அழைப்பு மணி. கதவைத் திறந்ததும் உம்மு ஹானி, அவளுடைய இரண்டு மருமகள்கள், ஒரு கைக்குழந்தை, “மப்ரூக்! மப்ரூக்!” என்று வாழ்த்து. எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். கைப்பை மடியிலிருந்து கீழே விழுந்தது. ஹாஜ் தௌஃபீக் எழுந்து நின்றது நின்றபடியே ஷர்பத் கோப்பையைக் கையில் வாங்கினார், வேறு வழி? மம்தூஹ் வஃபிய்யாவைப் பார்த்த பார்வையில் பயமும் சந்தோஷமும் எத்தனைக்கு எத்தனை என்று சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை.

இரண்டு பெரியவர்களும் கைகோத்து, பேச்சை உறுதிசெய்கிற ஃபாத்திஹா ஓதினார்கள். ஆமீன் சொல்லிக் கையை முகத்தில் தடவியபோது ஷௌக்கிக்கு ஒரு சந்தேகம் வந்தது: எந்த எண்ணுக்கு நான் ஒத்துக்கொண்டேன்? கேட்கலாமா என்று வாயைத் திறந்தார். தங்கை ஒரு துண்டு பஸ்பூஸாவை அந்த வாயில் வைத்து அடைத்தாள்.

வாசலில் வழியனுப்பும்போது உம்மு ஹானியின் கணவர் விசாரித்தார், “சாமான் எப்படிப் பேசி முடிச்சீங்க?”

“நூத்துக்கு அம்பது” என்றார் ஹாஜ்.

“பன்னெண்டு கிராத்து” என்றார் ஷௌக்கி.

“அடேயப்பா. யாருக்கு ஜாஸ்தி?”

இருவரும் லேசாகப் புன்னகைத்தார்கள். ஒரே அளவுப் புன்னகை. தான் விட்டுக்கொடுக்கவில்லை என்ற புன்னகை. ஹாஜ் கார் ஏறினார், ஷௌக்கி படியேறினார். அன்று இரவு இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஜெயித்த களிப்போடு தூங்கினார்கள்.

வாசகரே, தமன்ஹூர்க்காரரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. இனி ஒரு சின்ன விஷயம். உங்கள் கடைத்தெருவில் அடுத்தடுத்து இரண்டு துணிக்கடை. ஒன்றில், ‘விலையில் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி.’ மற்றதில், ‘நூற்றுக்கு இருபத்தைந்து தள்ளுபடி.’ நீங்கள் படித்தவர், இரண்டும் ஒன்று என்று தெரிந்தவர், வெயிலில் நின்று யோசிக்கிறவர். நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை. யோசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் குனிந்து, உங்கள் செருப்பு எந்தக் கடையைப் பார்த்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.